தென்னைக்கும் பனைக்கும் நடுவே திரை கட்டி ஒரு ராக் பாடகனின் படம் போடுவது எப்படி

எங்கள் கடை ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில். அப்பா 1983-ல் ஆரம்பித்த மைக் செட். அவருக்குப் பிறகு நான் பார்க்கிறேன். கல்யாணம், காதுகுத்து, சர்ச் திருவிழா, கந்தூரி, துக்க வீடு, எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் குழாய் கட்டுகிற ஆள். அஞ்சாறு வருடமாக, மழைக்காலம் தவிர மாதம் ஒரு தடவை, வலை பின்னும் கொட்டகைக்குப் பக்கத்து மணலில் எங்கள் தெரு ஆட்களுக்குப் படம் போடுகிறேன். டிக்கெட் இல்லை. பாய் மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு ராக் பாடகனைப் பற்றிய இங்கிலீஷ் படம் போட்டேன். 'கன்ட்ரோல்' என்று பெயர், 2007-ல் வந்தது. "அதை யாருடா இங்க பார்ப்பா" என்று என் மச்சானே சிரித்தான். நூற்றுச் சொச்சம் பேர் கடைசி வரை உட்கார்ந்திருந்தார்கள். கேள்விப்பட்டு கீழக்கரையிலிருந்து ஒருவர், தொண்டியிலிருந்து ஒருவர், எப்படிச் செய்தீர்கள் என்று போன் போட்டார்கள். ஆளுக்கு முக்கால் மணி நேரம் பேசினேன். புரொஜெக்டர் வாடகையைச் சொன்னால் மட்டும் போதாது, இந்த மாதிரிப் படத்துக்கென்று தனிப் பக்குவம் இருக்கிறது என்பது பேசும்போதுதான் எனக்கே தெரிந்தது. அதனால் எழுதி வைக்கிறேன்.

படம் எது

பாட்டுக்காரர்களின் வாழ்க்கையைச் சொல்லும் வெளிநாட்டுப் படங்கள் நிறைய. முக்கால்வாசி ஒரே தடத்தில் போகும்: ஏழைப் பையன், கிடார், கைதட்டல், போதை, சண்டை, கடைசியில் பெரிய மேடை. கூட்டம் சேர வேண்டும் என்றால் 2018-ல் வந்த 'பொகீமியன் ராப்சடி' போடலாம். அந்தக் கதையின் பாடகர், குயீன் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி, பார்சி வீட்டுப் பிள்ளை, ஃபரூக் புல்சாரா என்பது வீட்டில் வைத்த பெயர், மகாராஷ்டிராவில் பஞ்சகனியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர் என்று சொன்னால் நம் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். ஒன்றே ஒன்று, அதில் கடைசியில் வரும் 1985 கச்சேரிக்கு முன்னாடியே அவருக்கு எய்ட்ஸ் கிருமி இருப்பது தெரிந்துவிட்ட மாதிரி காட்டுவார்கள். உண்மையில் தெரிந்தது அதற்குப் பிறகு என்றுதான் அவருக்கு நெருக்கமானவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கடைசிக் காட்சிக்கு எடை கூட்ட நாட்களை முன்னே பின்னே நகர்த்திவிட்டார்கள். இந்த வகைப் படத்தில் இது சகஜம். போடுகிற ஆளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், படம் முடிந்ததும் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள், "இது நெசமா?"

நான் 'கன்ட்ரோல்' எடுத்ததற்குக் காரணம் அது சின்ன ஊர்க் கதை. ஜாய் டிவிஷன் என்ற குழுவின் பாடகன் இயன் கர்ட்டிஸ். மான்செஸ்டர் பக்கத்தில் மேக்கிள்ஸ்ஃபீல்ட் என்ற பழைய பட்டு மில் ஊர். 19 வயதில் கல்யாணம், பெண்ணுக்கு 18. எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் வேலை. உடல் ஊனமுற்றவர்களுக்கு வேலை தேடித் தரும் மேசை. ராத்திரி பாட்டு. 1979 தொடக்கத்தில் அவனுக்குக் காக்கா வலிப்பு என்று டாக்டர்கள் உறுதி செய்தார்கள். அதே வருடம் குழந்தை பிறந்தது, குழுவின் முதல் ஆல்பமும் வந்தது, பெல்ஜியத்துப் பெண் ஒருத்தியோடு பழக்கமும் வந்தது. 1980 மே 18-ஆம் தேதி, அமெரிக்காவுக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், உயிரை மாய்த்துக்கொண்டான். 23 வயது. இரண்டாவது ஆல்பம் அதற்கு இரண்டு மாதம் கழித்து வெளிவந்தது.

படத்தை எடுத்தவர் ஆன்டன் கார்பைன் என்ற டச்சுக்காரர். அடிப்படையில் போட்டோகிராபர்; 1979-லேயே அந்தக் குழுவைப் படம் பிடித்தவர். கதைக்கு ஆதாரம் பாடகனின் மனைவி டெபோரா எழுதிய புத்தகம். எனக்கு இதுதான் முக்கியமாகப் பட்டது. விட்டுவிட்டுப் போனவனின் கதையை, விடப்பட்டவள் சொல்கிறாள். எங்கள் தெருவில் அந்த இடத்திலிருந்து கதை கேட்கத் தெரிந்த பெண்கள் நிறையப் பேர்.

உரிமை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடையில் டிஸ்க் வாங்கிவிட்டால் அது வீட்டில் பார்க்கத்தான். நாலு பேரைக் கூட்டிப் போடுவதென்றால், டிக்கெட் இல்லாவிட்டாலும், உரிமை வைத்திருப்பவருக்கு மெயில் எழுதி எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எத்தனை பேர், எந்தத் தேதி, இலவசம் என்பதை முதல் வரியிலேயே எழுதுங்கள். ரெண்டு மாதம் முன்கூட்டியே ஆரம்பிக்க வேண்டும்.

தேதி

எங்கள் தீவில் ஊரே கரையில் இருக்கிற ராத்திரி கிடைப்பது கஷ்டம். வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு போகும், மற்ற நாளில் நாட்டுப்படகு போகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில்தான் விசைப்படகுக்காரர்கள் மொத்தமாக வீட்டில் இருப்பார்கள். கையில் காசு இருக்காது, நேரம் இருக்கும். இலவசப் படத்துக்கு இதைவிட நல்ல காலம் இல்லை.

ஆனால் மே கடைசிக்குத் தள்ளாதீர்கள். கச்சான் காற்று கிளம்பிவிட்டால் திரை நிற்காது, மணல் வாயில் விழும். வாடைக் காலம் இன்னும் மோசம். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரம், அமாவாசையை ஒட்டி வைத்தால் நிலா வெளிச்சமும் தொல்லை தராது.

நான் முதலில் மே 18-ஐயே நினைத்தேன். அவன் இறந்த தேதி, பொருத்தமாக இருக்கும் என்று. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருக்கிற என் கூட்டாளியிடம் சொன்னதும், "அண்ணே, அன்னைக்கு நாங்க விளக்கேத்துவோம், வர மாட்டோம்" என்றான். முள்ளிவாய்க்கால் நாள். எனக்குச் சுருக்கென்றது. பத்து நாள் முன்னால் நகர்த்தினேன். இந்தக் கடற்கரையில் தேதி வைக்கிறவர்கள் அந்தப் பக்கத்து நாள்காட்டியையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

மே மாதம் இங்கே ஏழேகாலுக்கு நன்றாக இருட்டிவிடும். படம் ரெண்டு மணி நேரம், இடைவேளை பதினைந்து நிமிடம். ஒன்பதரைக்கு முடிந்துவிடும். பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம், ஆகவே எட்டரைக்கு ஆரம்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். போலீஸ் ஸ்டேஷனில் முன்கூட்டியே மனு கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

துணியும் வெளிச்சமும்

பன்னிரண்டு அடி அகலம், ஏழு அடி உயரம். காடாத் துணி வாங்கி டெய்லரிடம் கொடுத்து நாலு பக்கமும் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். மடிப்புக்குள் கயிறு போகிற அளவு இடம் வேண்டும். நடுவில் ஒட்டுத் தையல் வந்தால் படுக்கைவாட்டில் வரட்டும், நெடுக்கில் வந்தால் ஆட்களின் முகம் ரெண்டாகப் பிளக்கும். கீழ் மடிப்பில் பழைய வலையின் ஈயக்குண்டுகளைப் போட்டுத் தைத்துவிடுங்கள். காற்றடித்தாலும் துணி தொங்கி நிற்கும். இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, பெருமையாகவே சொல்கிறேன்.

புரொஜெக்டரின் வெளிச்சம் 3000 லூமனுக்குக் குறையக் கூடாது. முதல் தடவை வாடகைக்கு எடுத்தது விளக்கு தேய்ந்துபோன மெஷின். கறுப்பு வெள்ளைப் படம் சாம்பல் படமாகத் தெரிந்தது. எடுக்கும்போதே விளக்கு எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று மெனுவில் பாருங்கள், அதில் காட்டும். கரண்ட் போனால் புரொஜெக்டர் பட்டென்று அணையக் கூடாது, உள்ளே சூடு ஆறாது; அதற்கு மட்டும் ஒரு யுபிஎஸ் போதும். ஜெனரேட்டர் நூறடி தள்ளி, காற்று நம்மிடமிருந்து அதை நோக்கிப் போகிற பக்கத்தில்.

சத்தம்

இது என் தொழில், கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன்.

கோயிலுக்குக் கட்டுகிற குழாயை இந்தப் படத்துக்குத் தொடவே கூடாது. குழாய் மனிதக் குரலைத் தூரத்துக்கு எறிவதற்காகச் செய்தது. அடித்தொனி அதில் வராது. ஜாய் டிவிஷன் பாட்டில் ஒரு விசேஷம் உண்டு: பேஸ் கிடார் மேல் ஸ்தாயிக்கு ஏறி ராகத்தைச் சுமக்கும், கிடார் ஓரமாக நின்று கீறும், டிரம்ஸ் மெஷின் மாதிரி ஒரே சீராக விழும். இதைக் குழாயில் போட்டால் தகரத்தை இழுக்கிற சத்தம்தான் மிஞ்சும். பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட பாக்ஸ் ரெண்டு, திரைக்கு ரெண்டு பக்கமும், உட்கார்ந்திருக்கிற ஆளின் காது உயரத்துக்குச் சற்று மேலே. மரப்பெட்டி மேல் வையுங்கள், மணலில் வைத்தால் அடித்தொனியை மணல் குடித்துவிடும்.

அடுத்தது இரைச்சல். லேப்டாப்பை சார்ஜரோடு இணைத்து ஆம்ப்ளிபயரில் சொருகினால் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் வரும். நூற்றுக்கு எண்பது தடவை எர்த் கோளாறு. சார்ஜரைப் பிடுங்கிப் பாருங்கள், நின்றுவிடும். லேப்டாப்பை முழுசாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. எங்கள் ஊரில் இன்னொரு எதிரி உப்பு. ஒயரின் முனைகளில் பச்சை படியும். படத்துக்கு முந்தின நாள் எல்லாப் பின்னையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுங்கள். பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்தாலும் போகும்.

எவ்வளவு சத்தம் வைப்பது? இந்தப் படத்தில் பேச்செல்லாம் முணுமுணுப்பு, மேடைக் காட்சி வந்தால் இடி. பேச்சுக்கு ஏற்றி வைத்தால் பாட்டு வரும்போது குழந்தைகள் அலறும். நான் மிக்சரை விட்டு நகரவே இல்லை. ஒவ்வொரு பாட்டும் எப்போது வருகிறது என்று ஒரு தாளில் நேரம் எழுதி வைத்துக்கொண்டு, அதற்கு ஐந்து விநாடி முன்னால் கையைக் கொண்டுபோனேன். ஆனால் ரொம்பவும் குறைக்கவில்லை. அந்தப் பாட்டுகளை நடிகர்களே வாசித்துப் பாடியிருக்கிறார்கள்; நடித்த சாம் ரைலியின் தொண்டை நரம்பு புடைப்பதற்கு ஏற்ற சத்தம் நெஞ்சில் வந்து மோத வேண்டும். "ஒப்பாரிக்கு டிரம்ஸ் வச்ச மாதிரி இருக்கு" என்று மச்சான் சொன்னான். அந்த இசையைப் பற்றி இதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

டிஜே விளக்குகளை வண்டியிலிருந்து இறக்கவே இறக்காதீர்கள். மேடைக் காட்சிக்கு நாமும் பளிச் பளிச்சென்று அடித்தால் எடுப்பாக இருக்கும் என்று பையன்கள் சொல்வார்கள். வலிப்பு உள்ளவர்களில் சிலருக்கு மினுக்கும் வெளிச்சம் பட்டால் வந்துவிடும். வலிப்பைப் பற்றிய படத்தில் அந்தத் தப்பைச் செய்யக் கூடாது.

தமிழில் எழுத்து ஓட்டுவது

இந்தப் படத்துக்கு எனக்குத் தமிழ் சப்டைட்டில் எங்கும் அகப்படவில்லை. நானும் என் அக்கா மகளும் ஒன்றரை மாதம் உட்கார்ந்து எழுதினோம். அவள் பி.எஸ்சி. படிக்கிறாள், இங்கிலீஷ் அவள் பொறுப்பு, தமிழ் என் பொறுப்பு.

இங்கிலீஷ் எழுத்தோடு இருக்கும் எஸ்ஆர்டி என்ற சப்டைட்டில் கோப்பை நோட்பேடில் திறந்தால் எண், நேரம், வசனம் என்று வரிசையாக இருக்கும். நேரத்தைத் தொடாமல் வசனத்தை மட்டும் மாற்றுங்கள். சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்காவிட்டால் திரையில் வெறும் கேள்விக்குறியாக வரும். கோப்பு வேறு வேகத்துப் படத்துக்குச் செய்ததாக இருந்தால், ஆரம்பத்தில் சரியாக இருந்து போகப் போக வாயசைவுக்குப் பிந்தும் அல்லது முந்தும். விநாடிக்கு 24 பிரேமுக்கும் 25 பிரேமுக்கும் உள்ள வித்தியாசம் ரெண்டு மணி நேரத்தில் ஐந்து நிமிடம் ஆகிவிடும். அதனால் முதல் பத்து நிமிடத்தைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தை ஓட்டிப் பாருங்கள்.

கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளை எழுத்து வெள்ளைச் சட்டையில் காணாமல் போகும். நல்லவேளை, இது அகலப் படம். நம் திரையில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழும். விஎல்சி பிளேயரில் எழுத்தின் இடத்தைக் கீழே இறக்கி, அந்தப் பட்டையில் ஒரு வரியாவது உட்காரும்படி வைத்தோம்.

ஒரு வரி எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதற்கு எங்கள் அளவுகோல் என் அத்தை. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர், வாய்விட்டுத்தான் படிப்பார். லேப்டாப் முன்னால் உட்கார வைத்தோம். ஆறு சொல்லுக்கு நாலு விநாடி எடுத்தார். அங்கேயே எங்கள் மொழிபெயர்ப்பில் பாதி செத்தது. "நான் உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது" என்று எழுதியிருந்ததை "முன்னாடியே சொல்லிருக்கணும்" ஆக்கினோம். அத்தை படித்து முடித்து நடிகரின் முகத்தைப் பார்க்க ஒரு விநாடி மிச்சம் இருந்தால் அந்த வரி பாஸ்.

பெரிய சண்டை எங்களுக்குள் ஒரே ஒரு சொல்லுக்காக நடந்தது. மனைவி டெபோரா, படத்தில் டெபி, இயனை "நீ" என்று கூப்பிடுவாளா, "நீங்க" என்றா? இங்கிலீஷில் அந்தப் பிரச்சினையே இல்லை. அக்கா மகள், "ஸ்கூல்ல இருந்து பழக்கம், நீ தான்" என்றாள். நான், "கல்யாணத்துக்கு அப்புறம் நம்ம ஊர்ல நீ போட்டா பாட்டிங்க எல்லாம் அவளைத்தான் திட்டுவாங்க, அவன் பக்கம் சாய்ஞ்சிடுவாங்க" என்றேன். பக்கத்தில் மீன் அரிந்துகொண்டிருந்த என் மனைவி கத்தியை நிறுத்தாமல், "சந்தோஷமா இருக்கறப்ப நீங்கன்னு போடுங்க. அவன் வேற ஒருத்தியோட சுத்துறது தெரிஞ்ச அன்னைக்கு நீன்னு மாத்துங்க. போதும்" என்றாள். அப்படியே போட்டோம். அந்தக் காட்சியில் முதல் "நீ" வந்ததும் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு "ம்" கேட்டது. அந்த ஒரு எழுத்துக்காகவே ஒன்றரை மாதம் உழைத்தது தகும்.

கெட்ட வார்த்தைகள் நிறைய. அப்படியே போட்டால் குடும்பம் எழுந்து போகும், எடுத்துவிட்டால் அவர்கள் பேசுவது பாதிரியார் பேசுவது மாதிரி ஆகிவிடும். "சனியனே", "நாசமாப் போறவனே", "மயிரு" என்கிற அளவில் நிறுத்திக்கொண்டோம். துறைமுகத்தில் தினமும் கேட்பதுதான், யாரும் முகம் சுளிக்கவில்லை.

பாட்டுகளை எல்லாம் மொழிபெயர்க்காதீர்கள். பாட்டின் கீழே எழுத்து ஓடினால் கண் அங்கேயே இருக்கும், அவன் ஆடுவதைப் பார்க்க மாட்டார்கள். நாங்கள் ஒரே ஒரு பாட்டுக்கு மட்டும் நாலு வரி போட்டோம். அவன் ஆபீசுக்கு வேலை தேடி வரும் பெண்ணுக்கு அவன் கண் முன்னாலேயே வலிப்பு வருகிறது. பிறகு அவளை வைத்தே பாட்டு எழுதுகிறான். அப்புறம் அதே நோய் அவனுக்கே வருகிறது. அந்தப் பாட்டு அவளைப் பற்றியது என்று தெரியாவிட்டால் படத்தின் முதுகெலும்பே போய்விடும்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு என்ன செய்வது? கிழவிகள் உட்காரும் மூலையில் ஒரு சின்ன ஸ்பீக்கரை வைத்து, அக்கா மகள் மைக்கில் தாழ்ந்த குரலில் வசனங்களைப் படித்தாள். மௌனப்படக் காலத்தில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஆள் இருந்ததாக அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதே வித்தைதான். பாட்டு வரும்போது அவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

ஆரம்பிக்கும் முன் ஐந்து நிமிடம்

முடிவைச் சொல்லிவிடுங்கள். "இந்தப் பையன் கடைசியில் உயிரை விட்டுவிடுவான்" என்று மைக்கில் சொல்லித்தான் ஆரம்பித்தேன். சஸ்பென்ஸ் போய்விடுமே என்று பையன்கள் குதித்தார்கள். பெரிய வெள்ளிக்கு நாம் பாஸ்கா நாடகம் பார்க்கிறோமே, முடிவு தெரியாமலா பார்க்கிறோம்? ஒருவன் சாகப் போகிறானா இல்லையா என்பதை விறுவிறுப்பாக்கிக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் அப்படி ஒரு சாவு நடந்த குடும்பம் எங்கள் தெருவிலேயே ரெண்டு இருக்கிறது. அவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொண்டு, இருப்பதா எழுந்து போவதா என்று முடிவு செய்யட்டும். ஒரு வீட்டார் கடைசிப் பத்து நிமிடத்துக்கு முன்னால் அமைதியாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அது சரிதான்.

அடுத்து அவன் ஆட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கர்ட்டிஸ் மேடையில் கையைக் காற்றில் வெட்டி வெட்டி இழுத்து ஆடுவான். நம் ஆட்களுக்கு முதலில் சிரிப்பு வரும், அப்புறம் சாமியாட்டம் ஞாபகம் வரும். எங்களுக்கு ஏர்வாடியும் ஞாபகம் வரும். மனநோய் தீர தர்காவுக்கு அழைத்துப் போய் மாதக்கணக்கில் தங்க வைத்த சொந்தக்காரர் ஒருவராவது இந்தக் கரையில் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்தவர்கள் 28 பேர் கருகிப் போனதை என் வயசுக்காரர்கள் யாரும் மறக்கவில்லை. நான் நீளமாகப் பேசவில்லை. "இவனுக்குப் பேய் பிடிக்கவில்லை, வலிப்பு நோய். அந்தக் காலத்து மாத்திரைகள் அவனை இன்னும் சோர்வாக்கின. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அப்புறம் பாருங்கள்" என்று மட்டும் சொன்னேன்.

கூடவே ஒரு விஷயம், திரையில் நடப்பதற்கல்ல, மணலில் நடந்தால் என்ன செய்வது என்பதற்கு: வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்குக் கீழே துண்டு, வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் இரும்பு வேண்டாம், கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்கு மேல் போனால் 108.

சொன்னேன், எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு மணி நேரம் கழித்து, மேடையில் பாடிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்து விழுந்தான். மூலையிலிருந்து ஒரு பாட்டி எழுந்தார். சின்னப்பாலத்தில் பாசி எடுத்துப் பிழைத்தவர், எண்பதைத் தொட்டிருப்பார். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவிக்கொத்தை எடுத்து, "அடேய், சும்மா பார்த்துக்கிட்டு நிக்கிறீங்களேடா, சாவிய அவன் கையில குடுங்கடா!" என்று கத்திக்கொண்டே திரையைப் பார்த்து எறிந்தார். துணியில் பட்டுச் சலங்கென்றது. இயன் கர்ட்டிஸின் முகம் அலை மாதிரி ஒரு தடவை ஆடி நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. நான் பாட்டின் சத்தத்தைக் குறைக்கவும் இல்லை.

அதற்கு முன்பே, அவன் ஆபீஸ் வேலையை விடும் இடத்தில் கூட்டம் கொதித்துவிட்டது. "கவர்மென்ட் வேலையடா! பாட்டுப் பாடறதுக்கா விட்டான்?" என்று ஒரு பெரியவர். எம்ப்ளாய்மென்ட் கார்டை இருபது வருடம் புதுப்பித்துக் காத்திருந்தவர் அவர். படம் முழுக்க அவர் இயனை மன்னிக்கவே இல்லை.

இடைவேளையை டாக்டர் மாத்திரைகளை அடுக்கடுக்காகச் சொல்லி அனுப்புகிற காட்சி முடிந்ததும் விட்டோம். சுக்குக் காபி, சுண்டல். அந்தப் பதினைந்து நிமிடமும் ஆளாளுக்கு மாத்திரை பற்றித்தான் பேசினார்கள்.

முடிந்த பிறகு

இதில் நான் முன்பு ஒரு தப்புச் செய்திருக்கிறேன். வேறொரு சோகப் படம் முடிந்ததும் கூட இருந்த பையன் வழக்கம்போல ஒரு குத்துப்பாட்டைப் போட்டுவிட்டான். ஜனங்கள் அடிபட்ட மாதிரி எழுந்து போனார்கள். இந்தத் தடவை லேப்டாப்பில் வேறு எந்தக் கோப்பும் இல்லை. பெயர்கள் ஓடி முடியும் வரை விட்டோம், திரை வெள்ளையானது, ட்யூப்லைட்டைப் போடவில்லை, கொட்டகைக்குள் ஒரு மஞ்சள் பல்பு மட்டும். பேச்சாளர் யாரும் வேண்டாம். கருத்துக் கேட்கவும் வேண்டாம். பேச வேண்டியவர்கள் பாயை மடிக்கிற சாக்கில் தாமதிப்பார்கள், அவர்களுக்காக நீங்கள் அங்கே நின்றால் போதும்.

ஒரு அட்டையில் ரெண்டு எண்ணைப் பெரிதாக எழுதி பல்புக்குக் கீழே தொங்கவிட்டிருந்தோம்: 104, 14416. மனசு சரியில்லை என்றால் எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழில் பேசுவார்கள். மைக்கிலும் ஒரு தடவை சொன்னேன். ரெண்டு தடவை சொன்னால் விளம்பரம் ஆகிவிடும்.

ஒயர் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்தான். விசைப்படகில் போகிறவன், அந்தப் பாடகன் வயசுதான் இருக்கும். "அண்ணே, அந்த நோவுக்கு இப்ப நல்ல மாத்திரை இருக்குங்களா?" என்றான். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஒயரின் இன்னொரு முனையைப் பிடித்து எனக்குச் சுற்றிக் கொடுத்தான். அப்புறம் அவனே சொன்னான், ரெண்டு வருடமாக இருக்கிறது, படகில் ஒருவருக்கும் தெரியாது, தெரிந்தால் ஏற்ற மாட்டார்கள் என்று. கடலில் வந்தால் என்ன ஆகும் என்று ரெண்டு பேருக்கும் தெரியும், பேசவில்லை. அடுத்த வாரம் ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்குக் கூடப் போனேன். மாத்திரை சாப்பிடுகிறான். இப்போதைக்குக் கரையில் ஐஸ் உடைக்கிற வேலை. அதில் அவனுக்கு வருத்தம்தான்.

கட்டி வைப்பது

அன்றைக்கே செய்ய வேண்டியது: புரொஜெக்டர் லென்ஸை ஊதிவிட்டு மெல்லிய துணியால் துடைப்பது, உப்புக் காற்று ராத்திரியோடு படிந்துவிடும். பாக்ஸுகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைத்து சாக்குப் போட்டு மூடுவது. காலையில் செய்ய வேண்டியது: திரைத்துணியை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுவது, ஈயக்குண்டு இருக்கிற மடிப்பை நன்றாகப் பிழியுங்கள், அங்கேதான் தண்ணீர் தேங்கித் துணி இற்றுப்போகும்.

அதற்கு முன், துணியை அவிழ்த்ததும் கீழே மணலைக் கையால் ஒரு தடவை அரித்துப் பாருங்கள். குழந்தைகளின் கொலுசுத் திருகு, பீடிக்கட்டு, சில்லறை எல்லாம் கிடைக்கும். எங்களுக்கு அன்று ராத்திரி டார்ச் அடித்துத் தேட வேண்டியிருந்தது. பாட்டி கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். சாவி இல்லாமல் வீட்டைத் திறக்க முடியாது. கால் மணி நேரத்துக்குப் பிறகு என் மனைவி தென்னை மூட்டில் கண்டுபிடித்துக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். பாட்டி மணலை ஊதிவிட்டு முந்தானையில் முடிந்துகொண்டார்.

"அந்தப் பொண்ணு, கைப்பிள்ளையோட நின்னுச்சே, அது இப்ப எங்க இருக்கு?" என்றார்.

புத்தகம் எழுதினாள் பாட்டி, அதைத்தான் படமாக எடுத்தார்கள் என்றேன்.

"அப்ப சரி," என்று எழுந்து போனார்.